எத்தனை தடவை குடித்தான் என்று கேட்டார்கள்

என் மகளின் நிக்காஹுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம், எங்கள் தெருப் பெண்கள் மதரஸாவில் பயான் கேட்டுக்கொண்டிருந்தேன். மார்க்கம் படித்துவிட்டு வந்து பயான் சொன்ன ஆலிமாவுக்கு என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கும். யாரை யார் கட்டலாம், யாரைக் கட்டக் கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள் பால்குடி உறவுக்கு வந்தாள். ஒரு பெண் இன்னொருத்தி பெற்ற கைக்குழந்தைக்குத் தன் பாலைக் கொடுத்தால் அது அவளுக்கும் பிள்ளை, அவள் பெற்ற பிள்ளைகள் அதற்குக் கூடப்பிறந்தவர்கள், அவர்களுக்குள் கல்யாணம் ஆகாது என்றாள். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பக்கத்திலிருந்தவள் கொட்டாவி விட்டாள். நான் கேஸை மூடிவிட்டு வந்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"கூடச் சேர்ந்து குடிச்ச புள்ளைக்கு மட்டும்தான்னு நெனச்சிக்கிறாங்க, அப்படி இல்ல" என்றாள் ஆலிமா. "அந்தம்மாவுக்கு முன்னாடி பொறந்தது, பின்னாடி பொறக்கறது, பத்து வருஷம் கழிச்சிப் பொறந்தாலும் சரி, எல்லாமே அந்தப் புள்ளைக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சிதான்."

கேஸ் அடுப்பு மறந்துபோனது.

எல்லோரும் எழுந்து போகும்வரை செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலில் குனிந்தே நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

"எங்க சொந்தத்துல ஒருத்தங்க இருக்காங்கம்மா" என்று ஆரம்பித்தேன். "நாத்தனார் புள்ளைக்குப் பால் குடுத்தாங்க. பன்னெண்டு நாள் புள்ள. இப்ப அந்தப் பையனுக்கும் அவங்க பொண்ணுக்கும் பேசியிருக்காங்க. ஆனா பொண்ணு அப்போ பொறக்கவேயில்ல. நாலு வருஷம் கழிச்சிதான் பொறந்துச்சி."

"அப்பவும் ஆகாதும்மா. நிக்காஹ் முடிஞ்சிடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். சீக்கிரம் போய்ச் சொல்லிடுங்க அவங்ககிட்ட."

சொல்லிவிடுகிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கேஸ் மூடித்தான் இருந்தது.

மாப்பிள்ளை என் நாத்தனாரின் மூத்த மகன். அவன் பிறந்தது இந்தக் கூனிமேட்டு வீட்டில்தான். நாத்தனாரை மரக்காணத்தில் கட்டிக் கொடுத்திருந்தாலும் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் இந்த வீட்டு மருமகள், என் வீட்டுக்காரர் அப்போதே குவைத்துக்குப் போயிருந்தார். என் மூத்த மகனுக்கு அப்போது பதினோரு மாதம். பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் நாத்தனாருக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தப்பியது. மாமியாரும் நாத்தனாரின் புருஷனும் அவளைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள். நான் பால் கொடுத்தேன். நாலாம் நாள்தான் அவர்கள் திரும்பி வந்தார்கள்.

இதை யாரும் மறைக்கவில்லை. மறைக்கிற விஷயம் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று பிரெட் அல்வா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாத்தனாரே அத்தனை பெண்களுக்கும் நடுவில் சொன்னாள்: "எங்க அண்ணி பாலக் குடிச்ச உடம்பு இவன். நாளைக்கி மாமியார எப்படித் தாங்கப்போறான் பாருங்க!" கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் இருந்தார்கள், ஓதிக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். யாருக்கும் உறைக்கவில்லை.

காரணம், நாங்களாக ஒரு சட்டம் வைத்திருந்தோம். பால் உறவு என்பது ஒரே காலத்தில் குடித்த இரண்டு வாய்களுக்கு நடுவில் உள்ளது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். என் மூத்த மகனும் அவனும் சின்ன வயதில் யார் கேட்டாலும் "நாங்க ஒரே பால்" என்பார்கள். மூத்தது பெண்ணாக இருந்திருந்தால் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டோம். அந்த அளவுக்கு மார்க்கம் தெரியும். இவள் நாலு வருஷம் கழித்துப் பிறந்தவள், அது வேறு பால் என்று விட்டுவிட்டோம்.

நான் குர்ஆன் ஓதுவேன், அர்த்தம் கேட்டால் முழிப்பேன். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்புப் பாதியிலேயே விட்டவள். சட்டம் என்று யாராவது பேச்செடுத்தால், எனக்குத் தெரியாத ஒன்றை நான் எப்போதோ மீறியிருப்பேன் என்ற பயம்தான் முதலில் வரும். இந்தத் தடவை நிஜமாகவே அப்படி இருந்தது.

ஆறு நாள் யாரிடமும் சொல்லவில்லை. நான் சந்தேகப் பிராணி. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்து முடித்த பிறகு முழங்கை நனைந்ததா என்று மறுபடி குழாயைத் திறப்பேன். கதவைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தொழுகையில் மூன்று ரக்அத்தா நாலா என்று குழம்பி மறுபடி முதலிலிருந்து தொழுவேன். மனசில் ஷைத்தான் போடுகிற இந்த மாதிரிக் குழப்பத்தை வஸ்வாஸ் என்போம். என் வீட்டுக்காரர் எனக்கு அதையே பட்டப்பெயராக வைத்திருந்தார். குவைத்திலிருந்து ஃபோன் செய்யும்போதே "வஸ்வாஸ் இன்னா பண்ணுது?" என்றுதான் பிள்ளைகளிடம் கேட்பார். அந்த ஆறு நாளும் இதுவும் வஸ்வாஸாகவே இருக்கட்டும் என்று துஆ கேட்டேன். ஆலிமா சின்னப் பெண், தப்பாகச் சொல்லியிருப்பாள் என்று காலையில் நினைப்பேன். மத்தியானத்துக்குள் அந்த நம்பிக்கை போய்விடும்.

சொல்லாமல் இருந்ததற்குப் பயம் மட்டும் காரணமில்லை. என் வீட்டுக்காரர் பதினோரு வருஷம் குவைத்தில் இருந்தார். அந்தப் பதினோரு வருஷமும் இந்த வீட்டின் ஆம்பளை நாத்தனாரின் புருஷன்தான். உப்பு லாரிக்கு லோடு ஏற்றி அனுப்புகிற வேலை அவருக்கு. அதை விட்டுவிட்டு, என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். மாடி கான்கிரீட் போட்ட அன்று பொழுதுக்கும் வெயிலில் நின்றார். மாமியார் படுக்கையில் விழுந்த வருஷம் நாத்தனார் தினமும் மரக்காணத்திலிருந்து பஸ் ஏறி வந்து தாயைக் குளிப்பாட்டி, துணி மாற்றிவிட்டுப் போனாள். கடைசி வாரம் மாமியார் எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு, "பொண்ண வெளிய குடுத்துடாதீங்க, இவ வூட்டுக்கே குடுங்க" என்றார். என் வீட்டுக்காரர் ஃபோனில் ஆமாம்மா என்றார். நானும் தலையாட்டினேன். தலையாட்டிய அந்த நேரத்திலாவது எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கலாம். வரவில்லை.

இதெல்லாம் பெரியவர்கள் கணக்கு. மகளுக்கு அவனைப் பிடித்திருந்தது. அதுதான் என்னை உட்காரவிடாமல் செய்தது. அவன் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். நிச்சயம் ஆன பிறகு தினமும் ஃபோன் பேசினார்கள். பேசிவிட்டு மாடியிலிருந்து இறங்கி வருவாள், முகத்தில் பாதிச் சிரிப்பு மிச்சம் இருக்கும். என்னைப் பார்த்ததும் அதைத் துடைத்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் தைக்கக் கொடுத்த ஜாக்கெட் வாங்க அவளோடு மரக்காணம் போனேன். பஸ் உப்பளத்தைத் தாண்டும்போது உப்பு அம்பாரங்கள் மேல் கீற்றுப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். பாத்தியில் ஆள் இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இன்னாம்மா, மூஞ்சே சரியில்ல?"

"மழ வரும்போலக்குது. அம்பாரத்த மூடறாங்க பாரு."

"மழ வந்தா இன்னா? கல்யாணம் நிக்கவா போவுது?" என்று சிரித்தாள். "நீ வேற. எதுக்குத்தான் பயப்படுறதுன்னு இல்ல உனக்கு."

டெய்லர் கடையில் ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்து வந்து, கை கொஞ்சம் டைட்டாக இருக்கிறதா என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்றேன். எதைக் கேட்டிருந்தாலும் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஏழாம் நாள் லுஹர் தொழுதுவிட்டு வந்து வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த கார்டுக் கட்டில் பெருமுக்கல் பக்கத்துச் சொந்தங்களுக்கு வைக்க வேண்டியதை ஒதுக்கிக்கொண்டிருந்தார். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்போது குழம்பு தட்டின் விளிம்பு வரை வந்திருந்தது.

"போதும்" என்றார். குழம்பைச் சொல்கிறாரா பேச்சைச் சொல்கிறாரா என்று தெரியவில்லை. தட்டைத் தள்ளி வைத்தார். "யார் சொன்னது?"

"ஆலிமா."

"அந்தப் பொண்ணா? உனக்கு வஸ்வாஸ் புடிக்கறதுக்கு ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா?"

"பள்ளிவாசல் ஹஜ்ரத்த ஒரு வார்த்த கேட்டுடலாங்க."

"இருபத்தஞ்சு வருஷமா வாய மூடிக்கினு இருந்துட்டு, கார்டு வெச்சப்புறம் வந்து கேக்கலாங்கற."

"எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்குந்தான் தெரியல."

சாப்பிடாமல் கை கழுவினார். பிறகு தங்கைக்கு ஃபோன் செய்தார். ஃபோனில் எதுவும் சொல்லவில்லை, ஒரு நடை வந்துவிட்டுப் போ என்றார்.

நாத்தனார் நாலு மணி பஸ்ஸில் வந்தாள். என் மகளுக்கு எடுத்த கல்யாணப் புடவையைக் காட்டத்தான் கூப்பிட்டோம் என்று நினைத்து, அதைப் பையோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சமையல்கட்டில் நிற்கவைத்தே சொன்னேன். முதலில் சிரித்தாள்.

"அண்ணி, கல்யாண வீடுன்னா உங்களுக்கு எதனா ஒன்னு புடிச்சிக்கும். என் கல்யாணத்தப்போ பிரியாணி அண்டா பத்தாதுன்னு அழுதீங்க, ஞாபகம் இருக்குதா?"

நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவள் முகம் மாறியது. கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"உங்க அண்ணன்கிட்ட மட்டுந்தான்."

"அப்பிடியே விட்டுடுங்க. எத்தன நாளு குடுத்திருக்கப் போறீங்க? ஒரு நாளு, ரெண்டு நாளு. மத்ததெல்லாம் பவுடர் பால்தான்."

"நீ ஆஸ்பத்திரில இருந்தியேம்மா. உனக்கு நெனவே இல்ல."

"எனக்கு நெனவில்ல. உங்களுக்கு மட்டும் இருக்குதா? நேத்து சாயந்திரம் வாசக்கதவு சாத்தினீங்களா, சொல்லுங்க?"

சாத்தினேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கேட்டதில் தப்பில்லை.

இந்தப் பேச்சு முழுவதையும் மகள் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறாள். மறுநாள் அஸருக்குப் பிறகு ஹஜ்ரத்தைப் பார்க்கப் போவதென்று முடிவானது. நான் புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது கதவை மறித்துக்கொண்டு நின்றாள். கண் வீங்கியிருந்தது. காலையிலேயே மதரஸாவுக்குப் போய் ஆலிமாவிடம் எல்லாம் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அஞ்சு தடவ குடிச்சிருக்கணுமாம்மா. நம்ம ஷாஃபி மத்ஹப் சட்டத்துல. அஞ்சுக்குக் கொறஞ்சா ஒன்னுமில்ல. நாலா அஞ்சான்னு சந்தேகமா இருந்தாலும் ஒன்னுமில்லயாம்."

"சரிம்மா."

"எதுலயும் நீ உறுதியா இருக்க மாட்டியேம்மா. இதுல மட்டும் இருந்துடாத."

கெஞ்சுகிற குரல் இல்லை அது. இனிப்புக் கடையில் எதை வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கதவை விட்டு விலகி நின்றாள்.

பள்ளிவாசலை ஒட்டின அறையில் நடுவே துணி கட்டி, இந்தப் பக்கம் நானும் நாத்தனாரும் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் ஹஜ்ரத், என் வீட்டுக்காரர், நாத்தனாரின் புருஷன். வேறு யாரையும் ஹஜ்ரத் வைத்துக்கொள்ளவில்லை. பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி வந்து எட்டிப் பார்த்தபோது, "நான் கூப்பிடறேன் பாய், அப்பறமா வாங்க" என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது.

"பதற வேணாம்மா" என்றார் ஹஜ்ரத். "நடந்தத மட்டும் சொல்லுங்க. பசிச்சி அழுது, குடிச்சி, வயிறு நெறஞ்சி அதுவா விட்டா ஒரு தடவ. அப்பிடித் தனித்தனியா அஞ்சு தடவ. ஹனஃபி மத்ஹப்ல ஒரு தடவ உள்ள போனாலே போதும்பாங்க, நம்மளுக்கு அஞ்சு. அது உறுதியா தெரியணும். சந்தேகத்துல உறவு உண்டாகாது. உங்களுக்கு ஞாபகம் இல்லன்னா, ஞாபகம் இல்லன்னே சொல்லலாம். அதுல குத்தம் ஒன்னும் இல்ல."

துணிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். நாத்தனார் என் புர்காவை முழங்காலோடு சேர்த்துப் பிடித்தாள். "சந்தேகம்னு சொல்லுங்க அண்ணி" என்று காதருகில் முணுமுணுத்தாள். "நெசமாவே உங்களுக்கு எல்லாம் சந்தேகந்தானே."

நானும் சந்தேகத்தைத் தேடினேன். வழக்கமாகத் தேடாமலே வருவது, அன்று தேடியும் வரவில்லை.

கார்த்திகை மழை அது. தெருவில் முழங்கால் தண்ணீர். பவுடர் பால் ஒரு டப்பா வீட்டில் இருந்தது உண்மைதான். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடின ராத்திரியே அதைக் கரைத்துப் பாலாடையில் கொடுத்தேன், அப்படியே கக்கிவிட்டான். ஊர்க்காரர்கள் வர முடியாத மழையில், பன்னிரண்டு நாள் பிள்ளையும் பதினோரு மாதப் பிள்ளையும் நானும் மட்டும். அடுத்தவள் பிள்ளை என் மடியில் மௌத்தாகிவிடும் என்ற பயம் எனக்கு. ஃபஜ்ர் பாங்கு சொல்லும்போது மடியில் போட்டுக்கொள்வேன், பிஸ்மி சொல்லிக் கொடுப்பேன். குடித்து முடித்து வாயைத் தானாக விட்டு, தலை சரிந்து தூங்கும். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். இனி லுஹர் வரைக்கும் இருந்துவிடும் என்று சொல்லிக்கொள்வேன். லுஹர் பாங்கு சொன்னால் மறுபடி. அஸர் வரைக்கும் இருந்துவிடும். அஸர், மஃரிப், இஷா. நடுவில் அழுதால் கொடுத்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மடி மீதிருந்த பிள்ளையை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் மகன், இரண்டாம் நாள் தன் முறைக்குக் குடிக்க வந்து கடித்தான். அந்த வாரத்தோடு அவன் என்னிடம் குடிப்பதை விட்டுவிட்டான்.

கதவைப் பூட்டியது ஞாபகம் இல்லாதவளுக்கு இது மட்டும் ஏன் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டால், கதவைப் பூட்டும்போது நான் வேறு எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருப்பேன். அந்த மூன்று நாள் பயம் முழுவதும் அந்தப் பிள்ளை மேல்தான் இருந்தது.

"அஞ்சுக்கு மேல ஹஜ்ரத்" என்றேன். "மொதல் நாளே அஞ்சு வக்துக்கும் குடிச்சான். மூணு நாளு. எனக்குச் சந்தேகம் இல்ல."

நாத்தனாரின் கை முழங்காலிலிருந்து விலகியது.

அந்தப் பக்கம் அவள் புருஷன்தான் முதலில் பேசினார். அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "ஹஜ்ரத், ஒரு பொம்பள சொல்றது போதுமா? சாட்சி வேணாமா? இன்னும் ரெண்டு வாரந்தான் இருக்குது!"

"சாட்சி கேக்கறது ஒருத்தர் ஆமாங்கறப்போ இன்னொருத்தர் இல்லங்கறப்போ" என்றார் ஹஜ்ரத். "இங்க இல்லன்னு சொல்றதுக்கு யாரு இருக்கா? அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு நீங்க சொல்றீங்களா?"

அவர் சொல்லவில்லை. தெரிந்துகொண்டே தன்னால் நிக்காஹ் ஓதி வைக்க முடியாது என்றும், வேறு எங்கே போய் ஓதினாலும் இரண்டு பேருக்கும் ஆகாதது ஆகாததுதான் என்றும் ஹஜ்ரத் மெதுவாகச் சொன்னார்.

வெளியே வந்து தெருமுனை வரைக்கும் நாத்தனார் எனக்கு முன்னால் நடந்தாள். ஈ.சி.ஆரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது திரும்பினாள். எனக்கு மரியாதை கொடுத்தே பழகினவள், அன்றுதான் முதல் தடவையாக 'நீ' என்றாள்.

"எம் புள்ள உசுரக் காப்பாத்துனது நீதான். நான் இல்லன்னு சொல்லல. அவன் வாழ்க்கைய இப்ப நட்டாத்துல வுட்டதும் நீதான். ஒரு சொல்லு. ஒரே ஒரு சொல்லு, தெரியலன்னு. உன் வாயில வராத சொல்லா அது?"

பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. புருஷனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். புடவைப் பை எங்கள் வீட்டிலேயே இருந்தது. யாரும் அதைக் கேட்டு வரவில்லை, நானும் கொடுத்து அனுப்பவில்லை.

கார்டு வைத்த வீடுகளுக்கெல்லாம் என் வீட்டுக்காரரே போய்ச் சொன்னார். காரணத்தை அவர் சொல்லாவிட்டாலும் ஊர் சொன்னது. துக்கம் விசாரிக்கிற மாதிரி பெண்கள் வந்தார்கள். ஒருத்தி, "அதான் உன் நாத்தனாரோட சின்னவன் இருக்கானே, அவன் உன்கிட்ட குடிக்கலயே, அவனுக்குத் தாராளமா ஆகும்" என்றாள். சட்டப்படி அது சரிதான். பால் குடித்தவனோடு உறவு நின்றுவிடும், அவன் தம்பிக்கு ஒன்றுமில்லை. ஆனால் சின்னவன் ப்ளஸ் டூ படிக்கிறான். "மீச மொளைக்கட்டும், பாக்கலாம்" என்று இன்னொருத்தி சொல்ல, எங்கள் வீட்டில் அந்த வாரம் கேட்ட ஒரே சிரிப்பு அதுதான். மகள் உள்ளேயிருந்து வந்தாள். "நான் இன்னா கைமாத்தா, ஒருத்தன்கிட்டருந்து வாங்கி இன்னொருத்தன்கிட்ட குடுக்கறதுக்கு?" என்றாள். வந்தவர்கள் எழுந்து போனார்கள்.

அவள் என்னிடம் சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவதை விட்டுவிட்டாள். வேலை எல்லாம் செய்தாள். ஒரு வாரம் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன வேற யாராவது பொண்ணு பாக்க வந்தா, அவரும் வந்து அண்ணன்னு உக்காருவாரா?"

"கூப்பிட மாட்டோம்மா."

"கூப்பிடாம இருந்தா அண்ணன் இல்லன்னு ஆயிடுமா?"

தண்டை எறிந்துவிட்டு இலையை முறத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். இத்தனைக்கும் அவள் ஒரு தடவைகூட, நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. கேட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். சமையல்கட்டிலிருந்து ஹாலுக்கும் ஹாலிலிருந்து வாசலுக்கும் நடப்பேன். எதையோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்த மாதிரியே இருக்கும். போய்ப் பார்த்தால் அடுப்பில் எதுவும் இருக்காது.

கல்யாணத்துக்கென்று போட்ட லீவை அவனால் மாற்ற முடியவில்லை. டிக்கெட் எடுத்த தேதியிலேயே ஷார்ஜாவிலிருந்து வந்தான். வந்த மறுநாள் காலையில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. சென்னையிலிருந்து வந்திருந்த என் மூத்த மகன்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். தாயிடம் சொல்லிவிட்டு வந்தானா என்று நான் கேட்கவில்லை.

ஹாலில் சேர் நுனியில் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். அவனைப் பார்த்ததும் என் கை தானாகத் தலைக்குப் போய் முந்தானையை இழுத்தது. அவன் வளர்ந்த பிறகு எப்போதும் அப்படித்தான், நாத்தனார் பிள்ளை என்றாலும் அந்நிய ஆம்பளைதானே. பாதி இழுத்த பிறகுதான் இனி அது தேவையில்லை, இவன் எனக்குப் பிள்ளை என்று உறைத்தது. கையை இறக்கினேன். தலையில் காற்றுப் பட்டது கூச்சமாக இருந்தது.

"நல்லா இருக்கீங்களா மாமி?" என்றான். சொல்லிவிட்டு, அந்தச் சொல் சரியா என்று யோசிக்கிறவன் மாதிரி நிறுத்தினான்.

"மாமின்னே கூப்பிடுப்பா. எப்பவும் போல."

"அம்மா இன்னும் அழுதுகினுதான் இருக்குது. வுடுங்க, சரியாயிடும்" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு உங்க மேல கோவம் ஒன்னும் இல்ல. அன்னிக்கி நீங்க குடுக்கலன்னா நான் இல்ல. அது தெரியுது. ஆனா மனசு இன்னும் ஒத்துக்கல மாமி" என்றான்.

என் மூத்த மகன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வரலாம் என்று திரும்புவதற்குள் மகளே வந்தாள். கையில் சொம்பு. துப்பட்டாவை நெற்றி வரை இழுத்து, காதை மூடி, தாடைக்குக் கீழே இறுக்கிச் சுற்றியிருந்தாள். பாண்டிக்கு பஸ்ஸில் போகும்போதுகூட அவள் அவ்வளவு இறுக்கிக் கட்டியதில்லை. கூடப்பிறந்தவன் முன்னால் அது வேண்டியதில்லை. ஆலிமாவிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தவள் அவள், அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

சொம்பை டீப்பாயில், அவன் கைக்கு எட்டாத ஓரத்தில் வைத்தாள். அவன் எட்டி எடுத்துக் குடித்து முடிக்கும்வரை சுவரோரம் நின்றாள். பிறகு காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.